மொட்டைமாடியில் ஒரு தேய்மானக் கணக்கு

ஆனேக்கல் வட்டத்தில் சந்தாபுரம், அத்திபெலே, ஜிகணிப் பகுதிகளில் 10, 12 ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கடன் பெற்று வீடு கட்டிய வாடிக்கையாளர்கள் பலர், அண்மைக்காலமாக ஒரு சிறு கடன் கேட்டு எங்களிடம் வருகின்றனர். தொகை 30,000 அல்லது 40,000 ரூபாய். மொட்டைமாடியில் இருக்கும் சோலார் வெந்நீர்க் கலன் ஒழுகத் தொடங்கிவிட்டது என்பதே காரணம். பெரும்பாலும் அவர்கள் வருவது மார்கழி, தை மாதங்களில். வீட்டில் வயதான பெற்றோர் இருப்பர். காலையில் குழாயைத் திறந்தால் பனிபோல் நீர் கொட்டும். கடைக்காரர் தவணைத் திட்டத்துடன் காத்திருப்பார். இந்த அவசரத்தில் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் விலை கூடிய முடிவாகவே அமைகிறது.

இதை எதிர்பாராச் செலவு என்று கருதுவதை நாங்கள் ஏற்பதில்லை. கர்நாடக அரசு 2007ஆம் ஆண்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்குச் சோலார் வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கியது. மின் இணைப்புப் பெறுவதற்காகவே அதைப் பொருத்தியவர்கள் பலர். வீட்டின் மொத்த மதிப்பீட்டில் ஒரு வரியாக அது அடங்கிப்போனது. கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு என்றால், அதன் தலைமேல் இருக்கும் கலனின் ஆயுள் 10 முதல் 15 ஆண்டுதான் என்பதை அந்த மதிப்பீடு எவருக்கும் சொல்லவில்லை.

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தொல்லை குறைவு. குளியலறை மூலையில் செப்பு அண்டாவோ, நடுவே கரிக்குழல் வைத்த செப்பு பாய்லரோ இருந்தது. ஒழுகினால் பற்றவைத்தார்கள். அதற்கும் மேல் பழுதானால், எடைக்குப் போட்டு அதன் விலையைக் கழித்துக்கொண்டு புதியது வாங்கினார்கள். வணிகவியலில் இதை எச்ச மதிப்பு என்பர். கரி ஏற்றிப் புகை தின்ற பெண்களின் உழைப்பை அந்தக் கணக்கில் எவரும் சேர்க்கவில்லை என்பது வேறு கதை. அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால், இன்றைய கண்ணாடிக் குழாய்க் கருவிக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைப்பது, அதை மாடியிலிருந்து இறக்கும் கூலிக்கே போதாது. ஆகவே, கருவியின் முழு விலையும் தேய்மானம் என்றே கொள்ளவேண்டும்.

தேய்மானத்தை விரைவுபடுத்துவது நமது நீர். ஆனேக்கல் வட்டத்துக் குடியிருப்புகளில் பலவும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியவை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. கடினநீர் சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. தட்டை வகைக் கருவியின் மெல்லிய செப்புக் குழாய்கள் அதனால் அடைபடுகின்றன. கண்ணாடிக் குழாய் வகையில் அது குழாயின் அடியில் வண்டலாகத் தங்குகிறது. மின் கீசரில் சூடேற்றும் கம்பியின் மேல் ஓடுபோல் ஒட்டிக்கொள்கிறது. எனவே, எந்த வகை வாங்குவது என்று கேட்பதற்கு முன், நீரைப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

முழுக் கருவியையும் மாற்றவேண்டியதில்லாத வீடுகளிலும் மாற்றுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கண்ணாடிக் குழாயின் அடிமுனையில் உள்ள வெள்ளி நிறப் பூச்சு வெளுத்துவிட்டால், அந்தக் குழாயில் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றினால் போதும். ரப்பர் வளையம் கெட்டிருந்தால் செலவு அதனினும் குறைவு. கலனின் உட்சுவரே அரித்து ஒழுகினால்தான் புதியது வாங்கவேண்டும். அதையும் ஒத்திப்போட வழி உண்டு: பல கலன்களுக்குள் தன்னைக் கரைத்துக்கொண்டு கலனைக் காக்கும் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். அது முற்றிலும் கரைவதற்குள் மாற்றிவிட்டால் கலன் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வது அரிது.

இனி, சோலாரா கீசரா என்ற கேள்வி. 100 லிட்டர் நீரை 20 பாகை சூடேற்ற ஏறத்தாழ 2.3 யூனிட் மின்சாரம் வேண்டும். இழப்பையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 2.7 யூனிட், மாதத்துக்கு 80 யூனிட். நால்வர் உள்ள வீட்டுக்கு இது பொருந்தும். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் மாதம் 480 ரூபாய். மழையும் மேகமும் போக ஆண்டில் 9 மாதம் வெயில் உதவினால் மீதமாவது 4,320 ரூபாய். 35,000 ரூபாய்க் கருவி 8 ஆண்டுகளில் தன் விலையை ஈட்டிவிடும்.

கிருஹ ஜோதித் திட்டத்தால் இப்போது மின்சாரமே இலவசமாயிற்றே என்பார்கள். 2023இல் வந்த அத்திட்டத்தின் விதியைக் கூர்ந்து படிக்கவேண்டும். முந்தைய ஆண்டின் சராசரிப் பயன்பாட்டுடன் 10 விழுக்காடு சேர்த்த அளவே இலவசம். 200 யூனிட்டைத் தாண்டினால் அம்மாதத்தின் முழுக் கட்டணத்தையும் செலுத்தவேண்டும். சோலார் பழுதானதும் கீசருக்கு மாறும் வீட்டில் 140 யூனிட் 220 ஆகிறது. கூடியது 80 யூனிட்தான்; கட்டவேண்டியதோ 220 யூனிட்டுக்கு. அதாவது, நிலைக்கட்டணம் நீங்கலாக 1,300 ரூபாய்க்கு மேல்.

ஆயினும், இருவர் மட்டுமே வாழும் வீட்டுக்குச் சோலாரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்கு மீதமாவது ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்குச் சற்று மேல்தான். கருவியின் ஆயுளுக்குள் முதல் திரும்பாது. நட்சத்திரக் குறியீடு கூடிய 15 லிட்டர் கீசரே போதும்.

வரியும் மானியமும் குறித்து இரண்டு செய்திகள். சோலார் வெந்நீர்க் கருவியின் சரக்கு சேவை வரி 2022 ஜூலையில் 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக உயர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மீண்டும் 5 ஆகியுள்ளது. பழைய விலைப்புள்ளியைக் காட்டுபவரிடம் இதைக் கேட்கலாம். 2024இல் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தின் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், மின்சாரம் உண்டாக்கும் தகடுகளுக்கு உரியது. வெந்நீர்க் கருவிக்கு அது கிடையாது.

பணத்தை எங்கிருந்து எடுப்பது? 40,000 ரூபாயைத் தனிநபர் கடனாக 14 விழுக்காடு வட்டியில் 3 ஆண்டுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 1,367. வட்டி மட்டும் 9,200 ரூபாய். வீட்டுக்கடனோடு கூடுதல் கடனாகச் சேர்த்துவிடுங்கள், வட்டி குறைவு என்று சிலர் அறிவுரை சொல்கின்றனர். 8.5 விழுக்காட்டில் 15 ஆண்டுக்குப் பெற்றால் தவணை 394 ரூபாய்தான். ஆனால் மொத்தம் செலுத்துவது 70,900. கருவி மாடியை விட்டு இறங்கிய பின்னும் அதன் தவணை தொடரும். கடையில் சொல்லப்படும் ‘வட்டியில்லாத் தவணை’ குறித்து ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது: வட்டி இல்லாத கடன் என ஒன்று இல்லை. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை இழப்பதும், செயலாக்கக் கட்டணமும்தான் அந்த வட்டி.

கடன் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட நாங்கள் இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். புதிய கருவி பொருத்திய மாதமே 300 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள் என்பதே எங்கள் கருத்து. 6.5 விழுக்காடு வட்டி என்று கொண்டால், 10 ஆண்டு முடிவில் வரிக்கு முன் ஏறத்தாழ 50,000 ரூபாய் சேரும். ஏற்கெனவே 7, 8 ஆண்டு உழைத்துவிட்ட கருவி வைத்திருப்போர், மாதம் 1,000 ரூபாயாக 3 ஆண்டுக்குப் போடலாம். கலன் அதற்கு முன்பே கைவிட்டால் கணக்கை இடையில் முடித்துக்கொள்ளவும் முடியும்; வட்டியில் சிறிது குறையும், அவ்வளவே.

விலைப்புள்ளி வாங்கும்போது கருவியின் விலை, வரி, மாடிக்கு ஏற்றும் கூலி, குழாய்ப் பணி, பழையதை இறக்கும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையின் சிறிய எழுத்துகளில் கடினநீரால் நேரும் பழுது விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். விலக்கப்பட்டிருந்தால், 5 ஆண்டு என்று அட்டையில் அச்சிட்டிருப்பது உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பொருந்தாது.