கைதட்டல் கத்துக் கொடுக்காது

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டு இருந்த விஷயம் இது.

எங்க வில்லியனூர், பாகூர் பக்கம் பேச்சுப் போட்டிக்குப் பஞ்சமே இல்லை. காமராஜர் பிறந்தநாள், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருஷம் பூரா ஏதாவது ஒன்று நடக்கும். பரிசு வாங்கின பிள்ளைகளும் தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. ஆனா அதே பிள்ளை காலேஜ் முடிச்சு நேர்முகத் தேர்வுக்குப் போய், "உன்னைப் பத்திச் சொல்லும்மா"ன்னு கேட்டா, தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரி நிக்குது. ஏன்?

விடை ரொம்ப எளிது. போட்டிக்கான பேச்சை எழுதினது பிள்ளை இல்லை. வாத்தியாரோ, அப்பாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ எழுதிக் கொடுத்திருப்பாங்க. பிள்ளை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கும். நடுவுல ஒரு வரி மறந்தா அவ்வளவுதான், கதை கந்தல். நாம கைதட்டுவோம். கைதட்டல் கிடைச்ச பிள்ளைக்கு எது நல்லா இருந்துச்சுன்னு தெரியாது. கிடைக்காத பிள்ளைக்கு எது சரியில்லைன்னு தெரியாது. எழுதிக் கொடுப்பது வேறு, வழிகாட்டுவது வேறு. இந்த வித்தியாசம்தான் இந்தப் பதிவே.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களைப் பத்திப் பலர் கேள்விப்பட்டிருப்பீங்க. 1924 அக்டோபர் 22-ல், கலிஃபோர்னியாவின் சான்டா அனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது. இன்று தமிழிலேயே நடக்கும் மன்றங்களும் உண்டு. பேச்சாளர் பேசி முடிச்சதும் இன்னொருவர் எழுந்து, எது நல்லா இருந்தது, எதைச் சரி பண்ணலாம்னு சொல்வார். நேரம் பார்க்க ஒருத்தர், எத்தனை தடவை 'ஆ... ம்ம்...' என்று இழுத்தோம்னு எண்ண ஒருத்தர் (அவர்தான் எல்லாருக்கும் வில்லன் :-) ). இதெல்லாம் வெளியே தெரிவது. எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது வெளியே தெரியாத ஒன்று: புதுசா சேருபவருக்கு ஒரு மூத்த உறுப்பினரை வழிகாட்டியாகக் கொடுப்பது.

புதுச்சேரி நகரத்தில் நடந்த ஒரு பேச்சு மன்றத்துல நான் சேர்ந்தப்ப எனக்குக் கிடைத்த வழிகாட்டி, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். என் முதல் பேச்சுக்கு வில்லியனூர்த் தேரை எடுத்துக்கப் போறேன்னு சொன்னேன். அவர் ஒரு வரி கூட எழுதித் தரலை. "வடம் பிடிச்சிருக்கீங்களா சார்? கை எப்படி இருந்துச்சு? பக்கத்துல யாரு நின்னாங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். நான் பதில் சொல்லச் சொல்ல, பேச்சு தானா வந்து உட்கார்ந்துடுச்சு. கடைசியா, "இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அதையே அங்கயும் சொல்லுங்க" என்றார். நல்ல வழிகாட்டி வேற என்ன செய்யணும்?

இது ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1918-ல் சென்னைத் தொழிற்சங்கம் உருவானபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் முன்னால் தமிழில் முழங்கிய திரு.வி.க.வுக்கு, வெஸ்லி பள்ளியில் ஆசிரியராக வாய்த்தவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை, பெயர் பெற்ற சொற்பொழிவாளர்.

எங்க ஊர்க் கதையும் ஒன்று உண்டு. பேச்சு இல்லை, கவிதை. ஆனாலும் இங்கே பொருந்தும். 1908-ல் புதுச்சேரி வந்த பாரதி, கனகசுப்புரத்தினம் என்ற இளைஞரிடம் ஏதோ இருப்பதைப் பார்த்தார். எழுதச் சொன்னார். எழுதியதைத் தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்புப் போட்டு சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார். அந்த இளைஞர்தான் பாரதிதாசன். பாரதி அவருக்குக் கவிதை எழுதிக் கொடுக்கலை, கவனிச்சுக்கோங்க. கதவைத் திறந்து விட்டார், அவ்வளவுதான்.

2014-ல் கோலாலம்பூரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பட்டம் வென்ற இலங்கையர் தனஞ்சய ஹெட்டியாராச்சி மேடையில் பேசியதும், தன்னிடம் ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டவர்களைப் பற்றித்தான்.

இதில் ஆபத்தும் இருக்கு, மறைக்க வேண்டாம். குருவின் குரலையே சீடன் பிடிச்சுக்குவான். பிரபலப் பேச்சாளர் ஒருவர் மாதிரியே இழுத்து, நிறுத்தி, விரல் நீட்டிப் பேசும் இருபது பேரை நம்ம ஊர் மேடைகளில் பார்த்தாச்சு. அதனால வழிகாட்டிக்கு விலகத் தெரியணும். முதல் இரண்டு மூன்று பேச்சு வரைக்கும் கூட இருந்துட்டு, அப்புறம் பார்வையாளர் வரிசையில போய் உட்காரணும். அதோட, கத்துக்கிட்டவர் அடுத்தவருக்கு வழிகாட்டியா ஆகணும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் பாடத்திட்டத்தில் இரண்டாம் படியிலேயே இதற்கென்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் நமக்கே பாதி புரியும் என்பது என் அனுபவம்.

கிராமத்துக்கு இது ஏன் முக்கியம்? மன்றங்கள் நகரத்தில் இருக்கு, கூட்டம் சாயங்காலம். பாகூரிலிருந்து ஒரு பெண் போய்ட்டு ராத்திரி பஸ் பிடிச்சுத் திரும்புறதுக்கு வீட்ல விடுவாங்களா? ஆனா வழிகாட்டி என்பவருக்கு மேடை வேண்டாம், மைக் வேண்டாம். நூலகத்துல ஒரு பெஞ்சு, இல்லைன்னா ஒரு போன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

பேசத் தெரியணும்னா பரிசுக்காக மட்டும் இல்லை. 2006-ல் எங்க பக்கம் கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்துச்சு, அதுக்கு முன்னாடி நடந்தது 1968-ல். மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. எழுந்து நின்னு "எங்க தெருவுக்கு வாய்க்கால் எங்கே?"ன்னு கேட்க எழுதிக் கொடுத்த பேச்சு உதவாது. அங்கே சொந்த வாய்தான் வேணும்.

ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்லூரிக்கு மூன்று கிராமங்களைக் கொடையாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படிப்புக்குக் கிராமத்தையே எழுதி வெச்ச மண் இது. நாம் கிராமம் எல்லாம் கொடுக்க வேண்டாம். அடுத்த போட்டிக்கு உங்க வீட்டுப் பிள்ளை பேப்பரோட வந்து "எழுதிக் குடுங்க மாமா"ன்னு நிக்கும்போது, பேனாவை மூடி வெச்சுட்டு, "நீ என்ன நினைக்கிற, சொல்லு"ன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பொறுமையா உட்காருங்க.