ஒரு சிகரெட், ஒரு மிட்டாய்

எந்தப் பெட்டிக்கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு சிகரெட் வாங்குகிறவர், மீதிச் சில்லறைக்குத் தொண்டை மிட்டாயும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அந்த மிட்டாய் உள்ளே போய் ஏதோ ரிப்பேர் வேலை பார்க்கிறது என்று ஒரு நம்பிக்கை.

ஒன்றும் பார்ப்பதில்லை சார். மென்தால் பட்டதும் தொண்டை ஜில்லென்று இருக்கும். அது நரம்புக்குச் சொல்லும் பொய். புண் ஆறவில்லை, சளி கரையவில்லை. மென்தால் சிகரெட் தொண்டைக்கு இதம் என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. அதிலும் அதே தார்தான். எரிச்சல் தெரியாமல் இழுக்க ஒரு வசதி, அவ்வளவுதான்.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ரோமங்கள் இருக்கின்றன. ராப்பகலாக அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நாமும் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். புகை இந்த ரோமங்களை முடக்கிப்போடுகிறது. வருஷக்கணக்கில் பிடித்தால் அழித்தும் விடுகிறது. கூடவே சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. குப்பை ஜாஸ்தி, பெருக்குகிறவர் லீவு! மிச்சமிருக்கும் ஒரே துடைப்பம் இருமல்தான். தினம் காலையில் பாத்ரூமில் வீடே அதிரக் காறுகிறீர்களே, அது இதுதான். அதையும் சிரப் குடித்து அடக்கிவிட்டால், சளி எந்த வழியாகத்தான் வெளியே வரும்?

"விட்டுப் பார்த்தேன் சார், சளி ஜாஸ்தியாச்சு. திரும்ப ஒண்ணு பத்த வெச்சதும் நின்னுடுச்சு" - இந்த வசனம் கேட்காத ஆபீஸ் கிடையாது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த வசனத்தின் மேல்தான். ஏனென்றால் இதில் பாதி நிஜம். புகையை நிறுத்தியதும் ரோமங்கள் மறுபடி வேலைக்கு வருகின்றன, பழைய சரக்கு மேலே ஏறுகிறது. சிலருக்குச் சில வாரம் இருமல் கூடத்தான் செய்யும். தெருப் பெருக்கினால் புழுதி பறக்கிறது என்று பெருக்குகிறவர் கையைக் கட்டிப்போடுவீர்களா?

அந்தச் சில வாரங்களை ஓட்ட வழி இருக்கிறது. அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள், ஒரு ஸ்பூன் தேன் சாப்பிடுங்கள். ஆவி பிடித்தால் மூக்குக்கும் தொண்டைக்கும் இதம். நுரையீரலைக் கழுவிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சும்மா சும்மா கனைக்காமல் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கினால் குரல்நாண் பிழைக்கும். பால் குடித்தால் சளி கட்டும் என்பது பாவம், பாலின் மேல் வீண்பழி. எச்சிலோடு கலந்து கொழகொழவென்று தோன்றும், சளி கூடுவதில்லை.

குரல் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ கஷாயம், மிட்டாய் எதுவும் வேண்டாம். நேரே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். குரல்வளைப் புற்றுநோய் பல பேருக்கு முதலில் வெறும் கரகரப்பாகத்தான் வருகிறது. ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு.

விட நினைப்பவர்களுக்காக அரசாங்கம் ஓர் இலவசத் தொலைபேசி எண் வைத்திருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே அதை அச்சடிக்கிறார்கள். ஆனால் நம் ஆள் வாங்குவதோ சில்லறையில் ஒன்று; பாக்கெட் கடைக்காரரிடமே இருக்கிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்: 1800-11-2356.