பத்துப் புள்ளியும் பதினாறு மார்க்கும்

"இஞ்சினியரிங்ல லேப் எல்லாம் வேஸ்ட்டு, எப்படியும் ரெக்கார்டு காப்பிதானே, தியரி போதும்"னு நண்பர் ஒருத்தர் பதிவு போட்டிருந்தார். பின்னூட்டத்துல ஆளாளுக்கு ஆமாம் சாமி. மன்னிக்கணும் மக்கா, எனக்கு உடன்பாடு இல்லை.

நானும் காப்பி அடிச்சவன்தான். முதல் வருஷ பிசிக்ஸ்ல பிராக் விதி, 16 மார்க். மனப்பாடமா எழுதி முழு மார்க் வாங்கினேன். ஆனா ஒரு படிகத்தோட டிஃப்ராக்‌ஷன் படத்தைக் கண்ணால பார்த்ததில்லை.

விஷயம் ரொம்ப எளிமை. எலக்ட்ரானும் அலை மாதிரி நடந்துக்கும். 200 கிலோவோல்ட்ல முடுக்கிவிட்டா அலைநீளம் சுமார் 0.0025 நானோமீட்டர். 100 நானோமீட்டர் அளவுக்கு மெலிசாக்கின உலோகத்துக்குள்ள அதை அனுப்பினா, அணு அடுக்குகள்ல பட்டுச் சிதறுற அலைகள் சில திசையில மட்டும் கைகோத்துக்கும். அங்க புள்ளி விழும். ஒரே படிகம்னா புள்ளிக்கோலம். குட்டிக் குட்டிப் படிகங்கள் கண்டபடி கிடந்தா வளையம், நம்ம சங்குசக்கரம் மாதிரி. 1927-28ல ஜி.பி.தாம்சன் தங்கம், அலுமினியத் தகடுகள்ல பார்த்தது அந்த வளையத்தைத்தான்.

அலுமினியம் சாத்தூர்க்காரனுக்குத் தெரியாத சரக்கா? மத்தாப்பு வெள்ளையாப் பொரியப் போடுற பொடியாச்சே!

1982 ஏப்ரல் 8. டான் ஷெக்ட்மன், உருக்கிச் சட்டுனு குளிரவச்ச அலுமினியம்-மாங்கனீசு கலவையை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தார். வட்டமாப் பத்துப் புள்ளி. புத்தகப்படி அது நடக்கவே கூடாது. படிகத்துல 2, 3, 4, 6 மடங்கு சமச்சீர்தான் வரலாம். மனுஷன் புள்ளியை அழிக்கலை. நோட்டுல எழுதி மூணு கேள்விக்குறி போட்டார். ரெண்டு நோபல் வாங்கின லைனஸ் பாலிங் கடைசிவரை ஒத்துக்கலை. ஆனா 1985லயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல எஸ்.ரங்கநாதன், கே.சட்டோபாத்யாய் குழு இந்தக் கலவையைத் தாங்களே மைக்ராஸ்கோப்புல பார்த்துக் கட்டுரை போட்டாங்க. 1992ல படிகத்தோட இலக்கணமே மாறிச்சு. 2011ல ஷெக்ட்மனுக்கு நோபல்.

அவர் எங்க லேப்ல இருந்திருந்தா? "ரீடிங் தப்பு, பக்கத்து டேபிளைப் பார்த்து எழுது." எனக்கு அப்படித்தான் சொன்னாங்க. ஸ்பெக்ட்ரோமீட்டர் ரீடிங்கைத் 'திருத்தி'க் கையெழுத்து வாங்கினேன். இன்னைக்கு ஆபீஸ்ல டெஸ்ட் ஃபெயில் ஆனா கோடைத் திருத்தாம டெஸ்ட்டை மாத்துறோமே, அந்த வித்தையை எங்க கத்துக்கிட்டோம்?

ஆபீஸ்ல பரவாயில்லை, ஒரு பக் வரும். எங்க ஊர்ப்பக்கம் ஈரம் பட்ட அலுமினியப் பொடிக் கலவை சூடேறுறதைப் பார்த்தவன், "அப்படியெல்லாம் ஆகாது"ன்னு வாயை மூடிட்டா உயிர் போகும்.

அதனால வேஸ்ட்டு லேப் இல்லைங்க, காப்பிதான். தப்பா வந்த ரீடிங்குக்கு மார்க் கொடுங்க, ஏன் தப்பா வந்துச்சுன்னு எழுதச் சொல்லிட்டு.

"கோடி ரூபா மைக்ராஸ்கோப்புக்கு எங்க போறது"ங்கிறீங்களா? ராத்திரி தூரத்துல தெரியுற தெருவிளக்கைக் குடைத்துணி வழியாப் பாருங்க. விளக்கைச் சுத்திச் சிலுவை மாதிரிப் புள்ளிகள். துணியைத் திருப்பினா புள்ளியும் திரும்பும். அதுவும் டிஃப்ராக்‌ஷன்தான்.

டிஸ்கி: பார்த்துட்டு வந்து திட்டுங்க. பார்க்காம திட்டினா அதுவும் காப்பிதான் :-)