ஜஸ்ட் காஸ் 2: அந்த விளையாட்டு எதை எண்ணுகிறது?

காணொளி விளையாட்டுகள் குறித்துக் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகளில் ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. கட்டுரையாளர் விளையாட்டின் கதைச்சுருக்கத்தைச் சொல்வார். அதில் ஆசியரும் அரபியரும் ஆப்பிரிக்கரும் எவ்வாறு இழிவாகச் சித்திரிக்கப்பட்டுள்ளனர் என்று பட்டியலிடுவார். எட்வர்ட் சயீதின் பெயரைச் சொல்லி முடிப்பார். அதே விளையாட்டை இரவெல்லாம் கண்விழித்து ஆடிய மாணவர் பின்வரிசையில் அமர்ந்து மெல்லச் சிரிப்பார். அச்சிரிப்பை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதற்குள் ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது: மேடையில் பேசப்பட்டது அவர் ஆடிய விளையாட்டைப் பற்றியதே அன்று.

ஸ்வீடனின் அவலாஞ்ச் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 2010 மார்ச்சில் வெளிவந்த 'ஜஸ்ட் காஸ் 2' இதற்குத் தக்க சான்று. தென்கிழக்கு ஆசியாவில் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட பனாவு என்னும் தீவுநாடு அதன் களம். அங்கே 'பேபி' பனாய் என்றொரு சர்வாதிகாரி. அமெரிக்க உளவமைப்பு ஒன்றின் ஆளான ரிக்கோ ரோட்ரிகஸ், காணாமற்போன தன் பழைய மேலதிகாரியைத் தேடி அங்கே வருகிறான். ஊர்ப்பெயர்கள் மலாய்மொழிச் சாயல் கொண்டவை. மூன்று கிளர்ச்சிக் குழுக்கள் உண்டு: ஒன்று பொதுவுடைமை பேசுவது, ஒன்று இனத்தேசியம் பேசுவது, மற்றொன்று குற்றக்கும்பல். பொதுவுடைமைக் குழுத் தலைவி போலோ சாந்தோசியின் ஆங்கில உச்சரிப்பு ஆசியப் பேச்சைக் கேலிச்சித்திரமாக்கிய ஒன்று. விளையாட்டின் அன்பர்களே அதை இன்றளவும் நகையாடுகின்றனர். இவையனைத்தும் கண்டிக்கத்தக்கவை. ஆயினும் இவற்றைக் கண்டித்துவிட்டால் விளையாட்டை விமர்சித்தாயிற்று என்று எண்ணுவது பிழை. ஆடுபவர் இக்கதையைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதேயில்லை.

அவர் பொருட்படுத்துவது வேறு. ரிக்கோவின் கையில் ஒரு கொக்கிக் கயிறு. முதுகில் எத்தனை முறை வேண்டுமானாலும் விரியும் ஒரு பாராசூட். தொலைவிலுள்ள பாறையில் கொக்கியை எறிந்து, இழுபட்டு, இடையில் பாராசூட்டை விரித்தால் எந்த ஊர்தியும் இன்றி மலைகளையும் கடலையும் கடக்கலாம். ஓடும் காரின் கூரைமீது நின்று, அங்கிருந்து மேலே பறக்கும் ஹெலிகாப்டரைப் பற்றலாம். கயிற்றின் இரு முனைகளை இரண்டு பொருள்களில் பூட்டி, ஒரு காரை விமானத்தின் பின்னே தொங்கவிடலாம். வானிலிருந்து விழுந்து சாகப்போகும் கணத்தில் தரையை நோக்கிக் கொக்கியை எறிந்தால், முன்னினும் விரைவாகத் தரைக்கு இழுக்கப்பட்டு, ஒரு கீறலுமின்றி எழுந்து நிற்கலாம். இயற்பியல் இங்கே வெட்கமின்றிக் கைவிடப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நிலத்தில் பாலையும் பனிமலையும் மழைக்காடும் அடுத்தடுத்து விரிகின்றன. இரண்டு வான்கப்பல்களுக்கிடையே தொங்கும் ஒரு கேளிக்கை விடுதிகூட உண்டு. இந்த இயக்கத்தின் இன்பம் உண்மையானது. அதை ஒப்புக்கொள்ளாத விமர்சனம், உணவைச் சுவைக்காமல் சமையலைக் குறைகூறுவதற்கு நிகர்.

குறை எங்கே தொடங்குகிறது? எண்ணும் இடத்தில் தொடங்குகிறது. இவ்விளையாட்டில் முன்னேற்றம் 'கேயாஸ்', அதாவது பெருங்குழப்பம், என்னும் புள்ளிக்கணக்கால் அளக்கப்படுகிறது. அரசின் உடைமையைத் தகர்த்தால் புள்ளி ஏறும். புள்ளி ஏறினால் புதிய பணிகளும் புதிய ஆயுதங்களும் திறக்கும். தகர்க்கவேண்டியவை சிவப்புவண்ணமும் வெள்ளை விண்மீனும் தாங்கி எளிதில் கண்ணில் படுகின்றன. எரிபொருள் தொட்டிகள், வானொலிக் கோபுரங்கள், அதிபரின் சிலைகள் ஆகியவற்றோடு, ஊருக்கு நீர்வழங்கும் மேல்நிலைத் தொட்டிகளும் அப்பட்டியலில் உண்டு. 300-க்கும் மேற்பட்ட ஊர்களும் தளங்களும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விழுக்காடு. பட்டியலிலுள்ள அனைத்தும் தகர்ந்து, சிதறிக்கிடக்கும் பெட்டிகளும் திரட்டப்பட்டபின் அந்த ஊர் 'நூறு விழுக்காடு நிறைவு' பெறுகிறது.

அந்தச் சொல்லில் சற்று நின்று நோக்க வேண்டும். நிறைவு பெற்ற ஊரில் தண்ணீர்த் தொட்டி இல்லை, எரிபொருள் இல்லை, வானொலி இல்லை. ஆனால் மக்கள் முன்போலவே தெருவில் நடக்கின்றனர். எவருக்கும் தாகம் எடுப்பதில்லை. எவரும் குடத்தோடு அடுத்த ஊருக்குப் போவதில்லை. சர்வாதிகாரியின் சிலையும் சிற்றூரின் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. அரசு கட்டியதெல்லாம் கொடுங்கோலனின் உடைமை, ஆகவே அழிக்கத்தக்கது என்பதே அக்கணக்கின் உட்பொருள். எந்தக் கதாபாத்திரமும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. விதி அதைச் சொல்கிறது. ஆடுபவரின் கை அதை ஆயிரம்முறை செய்து பழகுகிறது. விளையாட்டுகள் விதிகளின் வழியாகவே வாதிடுகின்றன என்று இயன் போகோஸ்ட் தம் 2007-ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துரைத்தார். அந்நூலை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் பெருகியுள்ளன. அது காட்டிய வழியில் விதிகளைப் படிக்கும் கட்டுரைகளோ அரிதாகவே உள்ளன.

இனி, தலைப்புக்கு வரலாம். 'ஜஸ்ட் காஸ்', அதாவது 'நீதியான நோக்கம்', என்பது 1989 டிசம்பர் 20 அன்று அமெரிக்கா பனாமாமீது தொடுத்த படையெடுப்பின் பெயர். ஒருகாலத்தில் அமெரிக்க உளவுத்துறையிடம் ஊதியம் பெற்றிருந்த மானுவேல் நொரியேகாவைப் பிடிப்பதற்காக நடந்த படையெடுப்பு அது. நொரியேகா வாத்திகன் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தபோது, அமெரிக்கப் படையினர் வெளியே ஒலிபெருக்கி வைத்து ராக் இசையை அலறவிட்டனர். எந்த விளையாட்டு வடிவமைப்பாளரும் துணியாத மிகை அது. ஆனால் நொரியேகாவின் படைத்தலைமையகத்தை அடுத்திருந்த எல் சோரியோ என்னும் ஏழைக் குடியிருப்பு எரிந்து சாம்பலானது. கால்வாய்த் தொழிலாளருக்காக ஒருகாலத்தில் எழுப்பப்பட்ட மரவீடுகள் நிறைந்த பகுதி அது, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். அதே மாதம் ஐ.நா. பொதுச்சபை 75-க்கு 20 என்ற வாக்குகளில் படையெடுப்பைக் கண்டித்தது. கண்டனம் பதிவேட்டில் இருக்கிறது. பெயரோ விளையாட்டுப் பெட்டியின் அட்டையில் இருக்கிறது. கொடுங்கோலனின் தலைமையகத்தையும் அதன் பக்கத்துத் தெருவையும் பிரித்தறியாத கணக்கு, இவ்விடத்தில் கற்பனை அன்று.

இதற்கு இரண்டு மறுமொழிகள் வழக்கமாக வருகின்றன. முதலாவது, இது அங்கதம் என்பது. ரிக்கோவின் அமைப்பே கேலிக்குரியதாகக் காட்டப்படுகிறது. இறுதியில் பனாவு நாட்டின் எண்ணெய்வளமே வல்லரசுகளின் போட்டிக்குக் காரணம் என்று தெரியவருகிறது. ரிக்கோ ஓர் அணு ஏவுகணையை அந்த எண்ணெய்வயலின்மீதே திருப்பிவிடுகிறான். இதைவிடக் கூர்மையான ஏகாதிபத்திய எதிர்ப்பு வேண்டுமா என்று கேட்கின்றனர். வேண்டும் என்பதே விடை. அங்கதம் சில நிமிட உரையாடலில் ஒலித்து மறைகிறது. புள்ளிக்கணக்கு மணிக்கணக்கில் ஓடுகிறது. அந்த இறுதி வெடிப்பும் எண்ணெய்ப்போரைக் கண்டிக்கும் செயலாக அன்றி, எல்லாவற்றிலும் பெரிய வெடிப்பாகவே கொண்டாடப்படுகிறது. தீவின் மக்களிடம் அப்போதும் எவரும் எதையும் கேட்கவில்லை. தன் கணக்கைத் தானே கேலிசெய்யத் துணியாத அங்கதம், கண்சிமிட்டல் மட்டுமே.

கதையில் கொள்கை வேறுபாடு பேசும் மூன்று குழுக்களும் விதியளவில் ஒன்றே என்பதும் இங்கு நோக்கத்தக்கது. எக்குழுவுக்காக ஒரு கோட்டையைக் கைப்பற்றினாலும் செய்யும் வேலை ஒன்றுதான்: தொழில்நுட்பாளர் ஒருவரைக் காத்து உள்ளே அழைத்துச்செல்ல வேண்டும். இப்பணிகள் சலிப்பூட்டுகின்றன என்று குறைசொன்ன அன்பர்கள், தம்மை அறியாமலே ஓர் அரசியல் விமர்சனத்தைச் செய்துள்ளனர். எண் ஒன்றே மதிப்பு என்றான பிறகு, ஊருக்கும் ஊருக்கும் வேறுபாடு இல்லை. புரட்சிக்கும் கொள்ளைக்கும் வேறுபாடு இல்லை. கலைக்குறையும் அறக்குறையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

இரண்டாவது மறுமொழி, 'வெறும் பொழுதுபோக்குதானே' என்பது. இதற்கு விடையை அன்பர்களே தந்துவிட்டனர். பலர் ஒரே நேரத்தில் ஆடும்வகையில் அவர்கள் இவ்விளையாட்டை மாற்றியமைத்தனர். 2013 இறுதியில் ஸ்டீம் தளத்திலும் அவ்வடிவம் வெளியானது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நிலப்பரப்பில் கூடினர். அங்கே கிளர்ச்சிக் குழுக்கள் இல்லை. பனாயின் கதை இல்லை. ஊர்களை நிறைவுசெய்யும் கடமையும் இல்லை. கொக்கியும் பாராசூட்டும் ஊர்திகளும் நிலமும் மட்டும் எஞ்சின. ஒருவர் விமானத்தில் இன்னொருவர் தொற்றிக்கொண்டார். கூட்டமாகப் பந்தயம் ஓட்டினர். இன்பம் ஒரு துளியும் குறையவில்லை. பொழுதுபோக்குக்குத் தண்ணீர்த் தொட்டியின் தகர்ப்பு தேவையே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? ஆகவே 'இன்பத்தைக் கெடுக்காதீர்' என்ற கூக்குரல் தவறான இடத்தில் எழுப்பப்படுகிறது. இன்பம் பறத்தலில் இருந்தது. அழிவின் கணக்கு, வடிவமைப்பாளர் எளிதென்று தேர்ந்துகொண்ட ஒரு கூலிமுறை; அவ்வளவே.

இந்தியாவில் இத்துறை வெற்றிடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. காணொளி விளையாட்டுகளும் பின்காலனியமும் குறித்துச் சௌவிக் முகர்ஜி 2017-இலேயே ஒரு முழுநூல் எழுதியுள்ளார். அதன் பின்னரும் கதைச்சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதும் பழக்கம் ஆய்வேடுகளில் தொடருமாயின், குற்றம் ஆய்வாளரைவிட நெறியாளரையே மிகுதியும் சாரும். ஆடாத விளையாட்டைப் பற்றிய கட்டுரையை, படிக்காத நாவலைப் பற்றிய கட்டுரைபோலவே திருப்பி அனுப்ப வேண்டும்.

பின்வரிசை மாணவருக்கும் ஒரு கடன் உண்டு. மேடையில் இருப்பவர் ஆடியதில்லை என்பதைக் காட்டும் சிரிப்பு போதாது. கொக்கி எறியும் கை எவ்வளவு மகிழ்ந்தது என்பதை அவர் எழுதட்டும். அதன்பின், திரையின் ஓரத்தில் ஏறிக்கொண்டே இருந்த அந்த எண்ணை நோக்கி இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: இவ்விளையாட்டு எதை எண்ணுகிறது? எதை ஒருபோதும் எண்ணுவதில்லை? இரண்டாம் கேள்விக்குரிய விடை, நூறு விழுக்காடு நிறைவு பெற்ற ஊரின் தெருவில், வெறுங்குடம்கூட இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.