கலியாண மேசையில் இந்தப் போத்தலுக்கு என்ன வேலை?



போன வாரம் பாடசாலை இடைவேளையில் தரம் 4 பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல்களை ஒன்றோடொன்று முட்டி, "சியர்ஸ்" சொல்லிக் குடித்து விளையாடினார்கள். எங்கே பழகினீர்கள் என்று கேட்டோம். "மாமாட கலியாணத்தில, சேர்" என்றான் ஒருவன். டீவியில் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அந்தக் காட்சி நம் எல்லோருக்கும் பழக்கம். வலீமா ஹோலில் மணமக்கள் மேசை. தங்கத் தாள் சுற்றிய நீண்ட கழுத்துப் போத்தல். தக்கை வெடிக்கும் சத்தம். நுரை பொங்கும் உயரமான கிளாஸ். கெமராக்காரர் சொல்லும் வரை இருவரும் அதை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். யாராவது கேட்டால், "இதில் அல்கஹோல் இல்லை, வெறும் திராட்சைச் சாறு" என்கிறோம்.

முதலில், லேபலை வாசித்தோமா? இப்படி வரும் போத்தல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நொதிக்கவே விடாமல் கேஸ் ஏற்றிய திராட்சைச் சாறு. மற்றது, உண்மையான வைனையே தயாரித்து, பிறகு அதிலிருந்து அல்கஹோலைப் பிரித்தெடுத்தது. சில நாடுகளில் இந்த இரண்டாவது வகையில் 0.5 வீதம் வரை மிஞ்சியிருந்தாலும் "அல்கஹோல் அற்றது" என்று எழுதலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எது ஆகும், எது ஆகாது என்று ஃபத்வா சொல்ல நாங்கள் வரவில்லை. அது உலமாக்களின் வேலை. வாங்குமுன் வாசிப்பது நம் வேலை.

சரி, சாறு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் போத்தல் ஏன்? திராட்சைச் சாற்றைச் சாதாரண கிளாஸில் ஊற்றினால் குடிக்க முடியாதா? நாம் காசு கொடுப்பது சாற்றுக்கு அல்ல, அந்தத் தோற்றத்துக்கு. இந்த நாட்டில் மதுபான விளம்பரத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கம்பனிகள் செய்ய முடியாத அந்த விளம்பரத்தை நாம் சொந்தச் செலவில், பிள்ளைகளை முன்வரிசையில் இருத்தி வைத்துச் செய்கிறோம்.

"பெரிய ஹோட்டல்களில் சாப்பாட்டுக்குப் பொருத்தமான பானம் வைப்பார்கள், நாம் வைத்தால் என்ன?" என்றும் ஒரு வாதம் கேட்டோம். வையுங்கள். ஆனால் அந்தப் பொருத்தத்தின் சூத்திரம் என்ன? கொழுப்பான இறைச்சிக்குத் துவர்ப்பான வைன். எண்ணெய்ப் பலகாரத்துக்குப் புளிப்பான வைன். துவர்ப்பும் புளிப்பும் நாக்கில் படிந்த கொழுப்பை அறுக்கும். அவ்வளவுதான். இந்தக் கணக்கை நம் உம்மும்மாமார் வைன் இல்லாமலே போட்டு வைத்திருக்கிறார்கள்.

நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் வைத்த சஹனுக்கு, புதினா கசக்கிப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்போடு.

காரமான கோழிக்கும் மாசிச் சம்பலுக்கும் மோர். மிளகாயின் எரிவை அடக்குவது பாலும் தயிரும்தான். கேஸ் பானம் எரிவைக் கூட்டத்தான் செய்யும்.

சமோசா, கட்லட், ரோல்ஸுக்கு நுவரெலியாப் பக்கத்து இளஞ்சாயத் தேநீர், தேசிக்காய் பிழிந்து.

வட்டிலாப்பத்துக்குச் சீனி போடாத இஞ்சிப் பிளேன்டீ. கருப்பட்டியின் இனிப்புக்கும் தேங்காய்ப்பாலின் கொழுப்புக்கும் அதைவிடப் பொருத்தமான துவர்ப்பு எந்த வைன் புத்தகத்திலும் இல்லை.

வாசலில் வரவேற்கச் செவ்விளநீர்.

திராட்சைதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நபி (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் தண்ணீரில் ஊறவைக்கப்பட்டதும், புளித்துப் போகுமுன் அவர்கள் அதை அருந்தியதும் ஹதீஸ்களில் இருக்கின்றன. மாலையில் ஊறவைத்தால் காலையில் இனிப்பான பானம் தயார். தக்கையும் வேண்டாம், தங்கத் தாளும் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 100 மில்லிலீட்டர் திராட்சைச் சாற்றில் சுமார் 15 கிராம் சீனி. கோலாவில் இருப்பதைவிடக் கூட. 200 மில்லிலீட்டர் கிளாஸ் ஒன்றில் 30 கிராம். ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வட்டிலாப்பம் அதற்குப் பிறகுதான் வரும்! எந்த வீட்டில் இன்று நீரிழிவுக்காரர் ஒருவர் இல்லை?

"சந்தோஷமான நாளில் இது ஒரு சின்ன விஷயம், விடுங்கள்" என்பீர்கள். சின்ன விஷயம்தான். பிள்ளைகள் பழகுவதும் சின்ன விஷயங்களில்தான். ஹராம் என்று வகுப்பில் நாங்கள் படிப்பிப்பதை, அழகானது, பணக்காரத்தனமானது என்று ஹோலில் நீங்கள் படிப்பிக்கிறீர்கள். எது மனதில் நிற்கும்? இடைவேளையில் பார்த்துவிட்டோம்.

1867இல் லூல்கந்துறையில் தொடங்கிய தேயிலையால் உலகத்துக்கே பெயர் தெரிந்த நாடு இது. அந்த நாட்டில் கலியாணம் வைத்து, பிளேன்டீயைப் பின்பக்கம் சமையல்காரருக்கு ஒதுக்கிவிட்டு, மேடையில் போலிப் போத்தல் உடைக்கிறோம். வெட்கப்பட வேண்டியது பிளேன்டீக்கு அல்ல.

அடுத்த மாதம் கலியாணம் வைத்திருப்பவர்களே, ஹோல்காரர் தரும் பட்டியலில் அந்த ஒரு வரியை வெட்டிவிடுங்கள். மிச்சமாகும் காசுக்கு இன்னும் நாலு சஹன் கூட்டி, அழைக்காமல் விட்ட ஏழை வீட்டாரை அழையுங்கள். பரக்கத் அங்கேதான் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.