சோதனை யாருக்கு?

ஆலைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் முதல் நாள் என்ன நடக்கும்? தொழிலாளத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறு மாதமாகக் காணாமற்போயிருந்த இயந்திர மூடி அன்று தன் இடத்துக்கு வந்து சேரும். தண்ணீர்ப் பானை கழுவப்படும். மேஸ்திரியின் நாக்கில் தேன் சொட்டும். ஏன்? அன்று சோதனைக்கு நிற்பவர் முதலாளி! தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டா, வேலை நேரம் சரிதானா என்று கேட்கத்தான் அந்த அதிகாரியைச் சட்டம் அனுப்புகிறது.

ஆனால், அதிகாரி வருகிறார் என்றதும் முதலாளி நிம்மதியாக உறங்க, தொழிலாளி மட்டும் கண்விழித்துக் காகிதம் அடுக்கும் தொழில் ஒன்று உண்டு. இங்கிலாந்தில், பிறர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை வளர்க்கும் ஆயாவின் தொழில்தான் அது.

ஆயா என்ற சொல் லண்டனுக்குப் புதிதல்ல. துரைமார் குடும்பங்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் அழைத்துச் சென்ற ஆயாக்கள் பலர். கரை சேர்ந்ததும் "இனி நீ வேண்டாம்" என்று கைவிடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அப்படித் திகைத்து நின்றவர்களுக்கு ஹாக்னி பகுதியில் 1900 முதல் ஓர் இல்லம் இருந்தது. அந்த வீட்டின் சுவரில் 2022இல் நினைவுப் பலகை பதித்தார்கள். அன்று அந்த ஆயாக்களின் பெயரை எழுதிவைக்கச் சர்க்காரிடம் பதிவேடு இல்லை. இன்று ஆயாக்களுக்குப் பதிவேடு இருக்கிறது. அது என்ன பதிவேடு?

ஆப்ஸ்டெட் என்பது இங்கிலாந்தின் கல்வித் தரச் சோதனை இலாகா. 1992இல் பள்ளிக்கூடங்களுக்காக ஏற்பட்டது. 2001 முதல் குழந்தைப் பராமரிப்பும் அதன் கைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி அது நடத்தும் பதிவேட்டில் இரண்டு பகுதிகள். ஒன்று கட்டாயம்; மற்றொன்று விருப்பம். குழந்தையின் சொந்த வீட்டில் வேலை செய்யும் ஆயா, விருப்பப் பகுதியில் பெயர் பதியலாம், பதியாமலும் இருக்கலாம்.

விருப்பமாம்! அந்த விருப்பத்தின் இலட்சணத்தைப் பாருங்கள். 2017இல் வரிச்சலுகைத் திட்டம் ஒன்று வந்தது. குழந்தைப் பராமரிப்புக்காகப் பெற்றோர் 8 பவுன் போட்டால் சர்க்கார் 2 பவுன் சேர்க்கும். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2,000 பவுன் வரை கிடைக்கும். ஆயா பதிவு பெற்றிருந்தால்தான் இந்தப் பணம். பதிவில்லாத ஆயாவை எந்த வீட்டார் தேடுவார்கள்? பதிவு ஆயாவின் பெயரில்; சலுகை எசமானர் பையில்! பதிவு போனால் சலுகை போகும். சலுகை போனால் வேலையும் போகக்கூடும்.

பதிவேட்டில் உள்ளவர்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் என்ற அளவில் சோதனை நடக்கிறது. புகார் வந்தாலும் அதிகாரி வருவார். வருமுன் என்ன தயாராக வேண்டும்? குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான விசாரணைச் சான்று. குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சிச் சான்று. பராமரிப்புப் பயிற்சிச் சான்று. இன்ஷ்யூரன்ஸ் பத்திரம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வந்த நேரம், போன நேரம் எழுதிய ரிஜிஸ்தர். குழந்தைக்கு யாரேனும் தீங்கு செய்வதாகச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்ற எழுத்து மூலமான நடைமுறை. புகார் வந்தால் குறித்து வைக்க ஒரு புத்தகம். இவ்வளவும் கையில் இருக்க வேண்டும். அதிகாரி வாயாலும் கேட்பார்: "குழந்தை உடம்பில் காயத் தழும்பு கண்டால் யாருக்குச் சொல்வாய்? அடம் பிடித்தால் என்ன செய்வாய்?" அடிப்பேன் என்றால் தீர்ந்தது கதை, பதிவு பெற்ற ஆயா குழந்தையை அடிக்கக் கூடாது. முடிவில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற தரம் கிடையாது. நிபந்தனை நிறைவேறியதா, இல்லையா என்பதே தீர்ப்பு.

இந்தச் சோதனை வேண்டாம் என்கிறோமா? இல்லை. பேசத் தெரியாத குழந்தைக்காகக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். நாணயமாக உழைக்கும் ஆயாவுக்கு அதில் அச்சமும் இல்லை. சோதனையை நாம் வரவேற்கிறோம். ஆனால், அந்தச் சோதனைக்கு ஒரு கண்தான் இருக்கிறதே, அதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம்.

அதே வீட்டில், அதே மேசையில் உட்கார்ந்து, "உனக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா அம்மா? நேற்று எத்தனை மணிக்கு வேலை முடிந்தது? இரவில் குழந்தை அழுதால் எழுந்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா?" என்று கேட்க யார் வருகிறார்கள்?

1974ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் பிரிட்டனின் பெருமை என்கிறார்கள். அதன் 51ஆம் பிரிவு, தனியார் வீட்டு வேலைக்காரரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. 1998இல் வந்த வேலை நேர விதிகள் வாரத்துக்குச் சராசரி 48 மணி என்று வரம்பு கட்டின. அந்த வரம்பும் வீட்டு வேலைக்காரருக்கு இல்லை. குறைந்தபட்சக் கூலி 1999இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஓர் ஓட்டை: வீட்டோடு தங்கி, "குடும்பத்தில் ஒருத்தி" போல நடத்தப்படும் பணியாளுக்கு அந்தக் கூலி தர வேண்டியதில்லை என்று விதி. குடும்பத்தில் ஒருத்தியாம்! சொத்தில் பங்கு கேட்டால் தெரியும், எந்தக் குடும்பத்தில் ஒருத்தி என்று! ஒரு பணிப்பெண் தொடுத்த வழக்கில், இந்த விலக்கு பெண்களுக்குப் பாதகமானது என்று 2020இல் தொழில் தீர்ப்பாயம் சொன்னது. 2024 ஏப்ரல் 1ஆம் தேதிதான் அந்த ஓட்டை அடைபட்டது. ஓர் ஓட்டையை அடைக்க 25 ஆண்டு!

"வீடு தனியார் இடம், அதிகாரி நுழைவது எப்படி?" என்பார்கள். ஆயாவைச் சோதிக்க மட்டும் எப்படி நுழைகிறார்? வீட்டாரின் சம்மதம் பெற்று நுழைகிறார். அதற்குச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். உழைப்பவரைச் சோதிக்கத் திறக்கும் கதவு, உழைப்பவரின் குறை கேட்க ஏன் திறக்காது?

2011இல் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வீட்டுப் பணியாளருக்கென 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அந்தரங்கத்தை மதித்தே வீட்டுக்குள் தொழிற்சோதனை நடத்த அதன் 17ஆம் விதி வழி சொல்கிறது. பிரிட்டன் ஆதரிக்கவில்லை, நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டது. நாமும் மார்தட்ட முடியாது. ஆதரித்து வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

ஆகவே, சோதனைக்குத் தயாராகும் ஆயாவுக்கு நாம் சொல்வது இது: அதிகாரிக்காக ஒரு கோப்பு தயாரிக்கிறாய், நல்லது. உனக்காக இன்னொரு கோப்பும் தயாரித்து வை. வேலை நிபந்தனைகளை எழுத்தில் கேள். 2020 ஏப்ரல் முதல் அதை வேலையில் சேரும் நாளிலேயே தரச் சட்டம் சொல்கிறது. சம்பளச் சீட்டை வாங்கிச் சேர்த்து வை. தொடங்கிய மணி, முடிந்த மணி இரண்டையும் நாள்தோறும் குறித்து வை. குழந்தையின் ரிஜிஸ்தரை எழுதும் கைக்குத் தன் ரிஜிஸ்தரை எழுதத் தெரியாதா?

முதல் கோப்பைப் பார்க்க அதிகாரி வருவார். இரண்டாவது கோப்பைப் பார்க்க இன்று யாரும் வருவதில்லை. ஆலைக்கு மட்டும் இன்ஸ்பெக்டர் தானாகவா வந்தார்? தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கேட்டார்கள், வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒற்றையாய் நிற்கும் ஆயாக்கள் ஒன்றுகூடும் நாளில், இந்தக் கதவும் திறக்கும்!