ஆற்றில் பார்த்துக் கால் வையுங்கள்!

மீன் பிடிப்பதற்காக நூற்றுக்கணக்கான மைல் போகிறார்கள். பணத்தை வாரி இறைக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தில் நாள் முழுவதும் நிற்கிறார்கள். பிடித்த மீனை என்ன செய்கிறார்கள்? ஆற்றிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள்!

இது கதை அல்ல. அமெரிக்காவின் மேற்கு மலைப் பகுதியில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நடப்பது.

இறகுப் பூச்சி

இந்தத் தூண்டிலில் புழு கிடையாது. சிறிய முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலச் செய்கிறார்கள். அதற்கு எடையே இல்லை. ஆகவே, கனமான தூண்டில் கயிற்றைச் சாட்டை போலச் சுழற்றி வீசுகிறார்கள். பொய்ப் பூச்சி தண்ணீர் மேல் மெல்ல இறங்குகிறது. மெய்ப் பூச்சி என்று நம்பி "ட்ரவுட்" மீன் பாய்ந்து கவ்வுகிறது.

ட்ரவுட், குளிர்ந்த நீரில் வாழும் மீன். நமது நீலகிரி ஓடைகளிலும் வெள்ளைக்காரர்கள் அதைக் கொண்டுவந்து விட்டார்கள்.

ஏன் இலையுதிர் காலம்?

கோடையில் ஆற்று நீர் சூடாகிறது. சூடான நீரில் பிராணவாயு குறைவு. தூண்டிலில் போராடிக் களைத்த மீனை விட்டுவிட்டாலும், அது பிழைக்காமல் போகலாம். அதனால் மண்டானா மாநிலத்தில், தண்ணீர் அளவுக்கு மேல் சூடேறினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன் பிடிக்கத் தடை போடுகிறார்கள். இதற்கு "ஆந்தைத் தடை" என்று பெயர்!

செப்டம்பர் பிறந்ததும் தண்ணீர் குளிர்கிறது. கூட்டம் குறைகிறது. பழுப்பு ட்ரவுட் மீன்கள், ஹெப்கன் ஏரியிலிருந்து மாடிசன் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஏறி வருகின்றன. பெரிய பெரிய மீன்கள்! தூண்டில்காரர்கள் காத்திருப்பது இதற்காகத்தான்.

ஆனால், மீன்கள் வருவது எதற்காக? முட்டையிட!

லாரி வராது

பெண் மீன் வாலால் கூழாங்கற்களைத் தள்ளிப் பள்ளம் பறிக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுக் கல்லால் மூடுகிறது. பனிக்காலம் முழுவதும் முட்டைகள் அந்தக் கல்லுக்கு அடியிலேயே இருக்கும். தெரியாமல் ஒருவர் அங்கே கால் வைத்தால், ஒரு குடும்பமே நசுங்கிவிடும்.

முன்பெல்லாம், மீன் குறைந்தால் பண்ணையில் வளர்த்த மீன்களை லாரியில் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுவார்கள். டிக் வின்சென்ட் என்ற விஞ்ஞானி மாடிசன் ஆற்றில் மீன்களைக் கணக்கெடுத்தார். விடை எல்லோரையும் திகைக்க வைத்தது. பண்ணை மீனைக் கொட்டக் கொட்ட, ஆற்றில் பிறந்த மீன் குறைந்தது! கொட்டுவதை நிறுத்தியதும், ஆற்று மீன் பெருகியது! தூண்டில்காரர்களில் பலர் இதை நம்பவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. இருந்தும் 1974-ல் மண்டானா மாநிலம், ட்ரவுட் தானாகப் பெருகும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை நிறுத்தியது.

ஆகவே, இன்று அங்கே முட்டையை மிதித்தால், ஈடு செய்ய லாரி வராது.

போகிறவர்களுக்கு

பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் 9 அடித் தூண்டில் கம்பை எடுத்துக்கொள்கிறார்கள். பகலில் வெயில் அடித்தாலும் செப்டம்பரிலேயே பனி பெய்யக்கூடும். கம்பளி உடை வேண்டும். கரடி வந்தால் விரட்ட, மிளகாய்க் காரம் அடைத்த குப்பியும் வேண்டும். மண்டானா அனுமதிச் சீட்டு யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் செல்லாது. அங்கே தனிச் சீட்டு வாங்க வேண்டும். பூங்காவில் எதிர்முள் இல்லாத தூண்டில்தான் போடலாம். அந்த மண்ணுக்கே உரிய மீன் எது சிக்கினாலும் உயிரோடு விட்டுவிட வேண்டும்.

இவை எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். ஆனால், முதல் வரியில் எழுத வேண்டியது வேறு: "எங்கே கால் வைக்கக் கூடாது?"

சுற்றிலும் பாசி படிந்த கற்கள். நடுவில் மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று ஓர் இடம். அதுதான் மீனின் தொட்டில். அதைக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டும். அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டில் வீசவும் கூடாது. மற்ற இடத்தில் சிக்கிய மீனை ஈரக் கையால் தொட்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்து விட வேண்டும். உலர்ந்த கை பட்டால், மீனைக் காக்கும் வழுவழுப்பு போய்விடும்.

"பிடித்து விடுவதும் மீனுக்குத் துன்பம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான், விடுவது மட்டும் போதாது. எப்போது வீசக் கூடாது என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

பெரிய மீனைப் பிடிப்பவர் கெட்டிக்காரர். பெரிய மீன் கண்ணுக்கு எதிரே நிற்கும்போது, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையேறுகிறவர் அவரை விடப் பெரியவர். வரும் ஆண்டுகளில் அந்த ஆற்றில் மீன் துள்ளினால், அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.